அளவறிந்து வெந்நீர் போடுவோம்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், நம் வீடுகளில் விடியற்காலையில் நடைபெறும் முதல் வேலை வெந்நீர் போடுவதுதான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளி இருக்கும் இல்லத்திலோ, மழை வெயில் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் அந்த வேலை தொடர்கிறது. குளிப்பதற்கு, படுக்கையில் இருப்பவரின் உடல் துடைப்பதற்கு, ஒத்தடம் கொடுப்பதற்கு, குடிப்பதற்கு என வெந்நீரின் தேவை பலவாறாக இருக்கிறது.

"வெந்நீரில் குளிக்கலாம்" என்று மருத்துவர் கூறும்போது, அவர் குறிப்பிடுவது உடற்சூட்டைவிடச் சற்றே மிகுந்த, 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பான நீரையே ஆகும். அடுப்பில் தளதளவெனக் கொதிக்கும் நீரின் வெப்பநிலையோ 100 டிகிரி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 60 டிகிரி நமக்குத் தேவைப்படாத வெப்பம். எரிவாயுவும் மின்சாரமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். தோல் வெந்துபோவதும் அங்கேதான். ஆகவே, வெந்நீரைச் சிக்கனமாகப் போடுவதும் பாதுகாப்பாகப் போடுவதும் வெவ்வேறு வேலைகள் அல்ல. வேண்டிய நீரை, வேண்டிய அளவு மட்டும் சூடாக்கினால் இரண்டும் ஒருங்கே கைகூடும்.

தோல் தாங்கும் சூடு

நீரின் சூடு எவ்வளவு நேரத்தில் தோலைப் புண்ணாக்கும் என்பதை 1947ஆம் ஆண்டிலேயே மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். இன்றும் மருத்துவ உலகம் அந்த அளவுகளையே அடிப்படையாகக் கொள்கிறது. வளர்ந்தவரின் தோலில் 70 டிகிரி நீர் பட்டால் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆழமான காயம் உண்டாகிவிடும். 60 டிகிரி நீருக்கு ஏறத்தாழ 5 நொடி போதும். 55 டிகிரிக்கு அரை நிமிடம். 49 டிகிரிக்கு ஏறத்தாழ 10 நிமிடம். வெறும் 44 டிகிரியாக இருந்தாலும், ஆறு மணி நேரம் தொடர்ந்து ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, கொதித்தால்தான் ஆபத்து என்று எண்ணுவது தவறு. கொதிநிலைக்கு மிகவும் கீழே உள்ள 60 டிகிரி நீரும், "ஐயோ" என்று காலை இழுத்துக்கொள்ளும் நேரத்திற்குள் சுட்டுவிடும். இரண்டாவது, விரைந்து விலக முடியாதவர்களுக்குக் குறைந்த சூடும் கேடு விளைவிக்கும். குழந்தைகளின் தோல் மெல்லியது. முதியோரின் தோலும் அவ்வாறே. அவர்களுக்கு மேற்கூறிய நேரங்கள் இன்னும் சுருங்கும்.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை. பள்ளியில் படித்த இந்த ஒரே வரியைக் கொண்டு வீட்டுக் கணக்கு முழுவதையும் போட்டுவிடலாம். குழாய் நீர் 28 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். 20 லிட்டர் கொள்ளும் வாளியை 40 டிகிரிக்கு உயர்த்த 240 கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது ஏறத்தாழ 860 கிலோகலோரி. எனவே கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். அதே வாளியை 60 டிகிரி வரை சூடாக்கினால், செலவு முக்கால் யூனிட்டை நெருங்குகிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு மின்சாரம் செலவழித்து, ஐந்து நொடியில் சுடும் நீரைப் பெற்று, பின்னர் அதை ஆறவைத்துக் குளிக்கிறோம்.

மூடி போடாத பாத்திரத்தில் ஏற்படும் இழப்பு இதனினும் பெரிது. நீரைச் சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காட்டிலும், அதை ஆவியாக்குவதற்கு வேண்டிய வெப்பம் பன்மடங்கு அதிகம். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிப் போனால், அதனுடன் 108 கிலோகலோரி வெப்பமும் போகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு ஒன்றரை லிட்டர் குழாய் நீரைப் புதிதாகக் கொதிக்க வைத்திருக்கலாம். ஆகவே பாத்திரத்தை மூடுங்கள். ஆவி எழத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். குளிப்பதற்கான நீர் கொதிக்க வேண்டிய தேவையே இல்லை. பாத்திரத்தின் அடிப்பகுதிக்கு வெளியே தீ நாக்கு நீளாதவாறு சுடரைக் குறைத்து வைப்பதும் எரிவாயுவை மிச்சப்படுத்தும். கைப்பிடி சூடேறாமலும் காக்கும்.

அடுப்பிலிருந்து குளியலறைக்கு

வெந்நீர் விபத்துகளில் கணிசமானவை, நீர் இடம் மாறும்போது நேர்பவை. விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கால் எங்கே படுகிறது என்பதைப் பார்க்க இயலாமல் நடக்கிறோம். குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. குளியலறை வாசலில் ஈரம் வழுக்குகிறது. ஆகவே பாத்திரத்தைப் பாதியளவே நிரப்பி, மூடியிட்டு, சுமப்பவர் கைக்கு அடங்கும் எடையில் எடுத்துச் செல்லுங்கள். இருமுறை நடப்பதால் குறைவொன்றும் இல்லை. எடுக்கும் முன் வழியில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுங்கள். நோயாளியோ குழந்தையோ குளியலறைக்குள் இருக்கும்போது வெந்நீரைக் கொண்டு செல்லாதீர்கள். நீர் ஆயத்தமான பிறகே அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

விளாவுவதற்கும் ஒரு முறை உண்டு. வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு வெந்நீரைச் சேருங்கள். வெந்நீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுக் குழாயைத் திறக்கப் போகும் அந்தச் சில நொடிகளில், குழந்தை கைவிடுவதும் முதியவர் மொண்டு ஊற்றிக்கொள்வதும் நேர்ந்துவிடுகின்றன. தண்ணீர் முதலில் இருந்தால், இடையில் யார் தொட்டாலும் தீங்கில்லை. விளாவியபின் கையை அடிவரை விட்டு நன்றாகக் கலக்குங்கள். சூடான நீர் மேலே தங்கும் இயல்புடையது. பின்னர், நீர் போடுபவர் தம் முழங்கையை அல்லது மணிக்கட்டின் உட்புறத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் பிடித்துப் பழகிய உள்ளங்கை சூட்டைச் சரியாகச் சொல்லாது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும், அதிக சூட்டில் உடையவும் கூடும்.

ஹீட்டர் கம்பி

வாளியில் இடும் ஹீட்டர் கம்பி, மின்சாரத்தின் வெப்பம் ஏறத்தாழ முழுவதையும் நீருக்கே தந்துவிடுகிறது. அந்த வகையில் அது சிக்கனமான கருவி. நீரைச் சுமந்து செல்லும் ஆபத்தும் இல்லை. 1500 வாட் கம்பி, 20 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 11 நிமிடமே. ஆனால் நீர் சூடேறியதும் தானாக அணையும் ஏற்பாடு பல கம்பிகளில் இல்லை. மறந்துவிட்டால் நீர் கொதிக்கும். வற்றினால் கம்பி தீப்பிழம்பாகும். எனவே கைப்பேசியில் 10 நிமிடத்திற்கு மணி வைத்துவிட்டு, அருகிலேயே இருங்கள்.

இதில் பெரிய அச்சம் மின்னதிர்ச்சி. கம்பியின் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும், வாளி நீர் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். நீர் சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். வரிசை இதுதான்: வாளியில் நீர் நிரப்பி, கம்பியைக் குறியீடு வரை அமிழ்த்தி, கை ஈரத்தைத் துடைத்து, அதன்பின் சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துக் கம்பியை வெளியே எடுத்த பின்னரே நீரைத் தொடுங்கள். உலோக வாளி மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் வாளியின் பக்கத்தில் கம்பி பட்டால் வாளி உருகும். தடித்த பிளாஸ்டிக் வாளியின் வாயில் காய்ந்த மரக்கட்டையைக் குறுக்காக வைத்து, கம்பியை நடுவில் தொங்கவிடுவது நல்லது.

1500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதனை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ, நீட்டிப்புக் கம்பியிலோ மாட்டக்கூடாது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டே தேவை. வீட்டின் மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவி இருந்தால், கசிவு ஏற்பட்ட கணத்திலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். யாரேனும் அதிர்ச்சிக்கு உள்ளானால், அவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

கீசரும் சூரிய வெந்நீர்க் கலனும்

தொட்டியுள்ள மின்சார கீசர், நோயாளி இருக்கும் வீட்டிற்கு ஏற்ற கருவி. 15 லிட்டர் தொட்டியில் 60 டிகிரி நீர் இருந்தால், அதை விளாவி ஏறத்தாழ இரண்டு வாளி குளியல்நீர் பெறலாம். 2000 வாட் கீசர் அதற்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 17 நிமிடம். ஆகவே குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு போட்டால் போதும். நாள் முழுவதும் எரியவிட்டால், தொட்டி இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்ய மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்து மின்சூடேற்றியை மூடிக்கொண்டால் சூடேறுவதும் தாமதமாகும். குறிப்பிட்ட இடைவெளியில் தொழிலாளரை அழைத்துத் துப்புரவு செய்யுங்கள். அப்போதே தெர்மோஸ்டாட்டும், அழுத்தம் நீக்கும் வால்வும் பழுதின்றி இயங்குகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டியை 40 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். அது நுரையீரல் அழற்சியை உண்டாக்கவல்லது. தொட்டி நீர் 60 டிகிரியில் இருக்கட்டும். குளியல் நீர் விளாவிய பின் 40 டிகிரியைத் தாண்டாதிருக்கட்டும். குழாயைத் திறக்கும்போது முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு வெந்நீர்க் குழாய். மூடும்போது முதலில் வெந்நீர்க் குழாய். கோடையில் மாடியிலுள்ள சூரிய வெந்நீர்க் கலனின் நீர் 60 டிகிரிக்கும் மேல் செல்லக்கூடும் என்பதால், அங்கும் இதே ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும்.

மூடிய குளியலறையில் எரிவாயு கீசர்

எரிவாயு கீசரில் சுடர் எரிகிறது. சுடர் எரியக் காற்று வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதனைப் பொருத்தினால், காற்று குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மிகுந்த வலுவுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு தோன்றி, கதவைத் திறக்கும் வலுவும் இன்றிக் குளிப்பவர் சாய்ந்துவிடுகிறார். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பிக் காலம் தாழ்த்துதல் கூடாது.

எரிவாயு கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றுள்ள இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே முறை. ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் பலருக்கும் குளித்தபின் தலைவலி வருகிறது என்றால், அதைச் சளித் தொல்லை என்று ஒதுக்காதீர்கள். யாரேனும் மயங்கிக் கிடந்தால், கதவு சன்னல்களைத் திறந்து, அவரை விரைந்து வெளியே கொணர்ந்து, 108 ஊர்தியை அழையுங்கள். அவருக்கு வேண்டிய முதல் மருந்து ஆக்சிஜன்.

சூட்டை உணராதவர்கள்

நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் பழுதுற்றவர்களுக்குச் சூடு தெரியாது. "இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்று" என்று அவர்களே கேட்பர். கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். ஆறாத புண்ணாகி விரலை இழக்கும் நிலைக்கும் அது இட்டுச் செல்லலாம். அவர்கள் பாதம் கழுவும் நீர் 37 டிகிரிக்கு மேற்படக் கூடாது. அதைச் சோதிப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் உணர்விழந்தவர், தண்டுவடப் பாதிப்புள்ளவர், மறதிநோய் உள்ளவர் ஆகியோருக்கும் இவ்விதி பொருந்தும். சூடு தெரியாத பக்கத்தில் நீரைச் சோதித்தல் கூடாது.

இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் மருந்து உட்கொள்வோர் மிகுந்த சூட்டில் நெடுநேரம் குளித்தால், இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். எழுந்து நிற்கையில் கண் இருளும். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து குளிப்பதும், கதவைத் தாழிடாமல் சாத்தி வைப்பதும் நலம். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும்.

ஒத்தடமும் ஆவியும்

ஒத்தடப் பையில் கொதிநீர் ஊற்றலாகாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, துணியில் சுற்றி, கால் மணி நேரம் வரை வைத்து எடுத்துவிடுங்கள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்குவோர், 44 டிகிரியும் ஆறு மணி நேரத்தில் புண்ணாக்கும் என்ற முந்தைய கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். உணர்விழந்த பாதத்திற்கு ஒத்தடமே வேண்டாம்.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, போர்வை போர்த்தி ஆவி பிடிப்பது நெடுநாள் பழக்கம். பாத்திரம் கவிழ்ந்தால் நீர் விழுவது மடியிலும் தொடையிலும்; போர்வைக்குள் இருப்பவரால் விலகவும் இயலாது. குழந்தைகளுக்கு இம்முறையில் ஆவி பிடிக்கவே வேண்டாம். பெரியவர்கள், கவிழாத மேசையின்மேல் வைத்த சிறு ஆவிக் கருவியைப் பயன்படுத்தலாம்.

உண்மையில் கொதிக்க வேண்டியது எது?

கொதிநிலை வரை செல்ல வேண்டிய நீர் ஒன்று உண்டென்றால் அது குடிநீர். அதிலும் கால் மணி நேரம் கொதிக்கவிடத் தேவையில்லை. நீர் முழுவதும் குமிழியிட்டுப் புரண்டு கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் விட்டால், நோய் தரும் கிருமிகள் அழிந்துவிடும். உதகை, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால், அங்கு மூன்று நிமிடம் விடுங்கள். அதே பாத்திரத்தில் மூடியபடியே ஆறவிட்டு, அதிலிருந்தே ஊற்றிக் குடியுங்கள்; கை படிந்த குவளையை உள்ளே விட்டு மொண்டால், காய்ச்சியதன் பயன் போய்விடும். நீரிலுள்ள உப்பும் புளோரைடும் கொதிப்பதால் நீங்குவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நல்லது.

வெந்துவிட்டால்

வெந்நீர் பட்ட இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். காயம் பட்டு மூன்று மணி நேரம் வரையில் இதனால் பயன் உண்டு. நனைந்த துணியையும், வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, பேனா மை, மஞ்சள், மாவு, நெய் எதையும் பூசவேண்டாம்; அவை சூட்டை உள்ளேயே தேக்கிக் கிருமிக்கும் இடம் தரும்; மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் காணவும் இயலாது போகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தையாயின் காயத்தைக் குளிர்விக்கும்போதே உடலின் மற்றப் பகுதியைப் போர்த்தி வையுங்கள்.

காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அதைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட காயம், குழந்தைக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் ஏற்பட்ட எந்தக் காயமும் தூய துணியால் மூடப்பட்டு அன்றே மருத்துவரிடம் வரவேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் குளியலறையை ஒருமுறை பாருங்கள். ஹீட்டர் கம்பி எந்தச் சாக்கெட்டில் மாட்டப்படுகிறது, எரிவாயு கீசர் எங்கே தொங்குகிறது, காலையில் வெந்நீர்ப் பாத்திரம் எந்த வழியாக வருகிறது என்பவற்றைக் கவனியுங்கள். நோயாளிக்கு எவ்வளவு சூடு ஏற்றது என்பதில் ஐயம் இருந்தால், அடுத்த முறை வரும்போது எங்கள் செவிலியர்களைக் கேளுங்கள். வாளியில் விளாவி, உங்கள் முழங்கையை நனைத்துக் காட்டிச் சொல்வார்கள்.